முதல் வார்த்தை ‘வேண்டாம்’

அயனாவரத்தில் ஒரு முதல் மாடி வீடு. கூடத்துச் சுவரில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், பழைய தலையணை ஒன்றை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். அந்த வீட்டுக்கு நான் முதல்முறை போனபோது கண்ணில் பட்டது அதுதான். ஐந்து வயதுப் பையன் தினமும் அந்த இடத்தில் உட்கார்ந்து பின்னந்தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். வீட்டில் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

பாட்டி சுற்றிப் போட்டுப் பார்த்திருந்தார். தாயத்தும் கட்டியாயிற்று. அப்பா அதட்டிப் பார்த்து, ஒருநாள் அடித்தும் பார்த்து, அன்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். அம்மா என்னிடம் சொன்னது ஒரே வரி: “எதுக்குன்னே தெரியல மேடம், திடீர்னு ஆரம்பிச்சிடுறான்.”

சிறப்புக் கல்வியில் டிப்ளமோ முடித்துவிட்டு 2012-ல் இந்த வேலைக்கு வந்தேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி, எல்லாரும் சொல்கிறபடி பிஹேவியர் தெரபி. முதலில் ஒரு மையத்தில் இருந்தேன். இப்போது பெரம்பூர், கொளத்தூர், வில்லிவாக்கம் பக்கம் வீடு வீடாகப் போகிறேன். ‘திடீர்னு’ என்ற சொல்லைக் கேட்காத வீடு கிடையாது. அம்மாவின் மேல் தப்பில்லை. சாம்பார் கொதிக்கும், காலிங் பெல் அடிக்கும், குழந்தை அலறுகிற நொடியில்தான் அவர் திரும்பிப் பார்க்க முடியும். அதற்கு முந்தைய இரண்டு நிமிடம் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

அந்த இரண்டு நிமிடத்தைப் பிடிக்கத்தான் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கச் சொன்னேன். பக்கத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். முன்னாடி என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அப்புறம் நாம் என்ன செய்தோம். எங்கள் துறையில் இதை ஏபிசி என்பார்கள். நடுப் பத்தியில் ‘அடம் பிடித்தான்’, ‘கோபப்பட்டான்’ என்று எழுதக் கூடாது. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும்: ‘மூன்று தடவை தலையை மோதினான், செருப்பை எறிந்தான்.’ நேரமும் போட வேண்டும். அம்மாவுக்கு எழுத நேரம் இல்லாதபோது பாட்டி சொல்ல, ஆறாவது படிக்கிற அக்கா எழுதினாள். அவள் கையெழுத்தில் இருந்த பக்கங்கள்தான் ரொம்பத் தெளிவு.

இரண்டு வாரம் கழித்து நோட்டைத் தரையில் விரித்து வைத்து நால்வரும் படித்தோம். மோதல் பெரும்பாலும் இரண்டு நேரத்தில் வந்திருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா அடுப்படிக்குப் போகும்முன் போனைப் பிடுங்கி சார்ஜில் போடுவார். தம்பி மோத ஆரம்பிப்பான். ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் போனை அவன் கையில் கொடுத்திருப்பார்கள். காலையில் ஏழேகால் மணிக்குப் பல் துலக்கும் நேரம். பிரஷ் வாய்க்குள் போனதும் மோதுவான். “சரி விடு, இன்னிக்கு வாய் கொப்புளிச்சா போதும்” என்று விட்டுவிடுவார்கள். ஒரே சுவர், ஒரே தலை. சாயங்காலம் அது ‘வேணும்’ என்கிறது, காலையில் ‘வேண்டாம்’ என்கிறது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “அப்போ, நாங்கதான் இதை அவனுக்குக் கத்துக் குடுத்தோமா மேடம்?”

இந்தக் கேள்வி வரும்போது ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும் என்று அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். அந்தப் பெற்றோரின் தலையில் ஏற்கெனவே ஊரே பழியைப் போட்டிருக்கும். போன் கொடுத்ததால் வந்தது, அம்மா வேலைக்குப் போனதால் வந்தது, தடுப்பூசியால் வந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பார்கள். இது எதனாலும் ஆட்டிசம் வருவதில்லை. மூளை வளர்கிற விதத்திலேயே உள்ள வேறுபாடு அது. பிள்ளையிடம் வேறு பேச்சு இருக்கவில்லை, இது ஒன்று வேலை செய்தது, அதனால் அதையே செய்தான், அவன் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று சொன்னேன். 1985-ல் கார், டூரண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பாடம் கஷ்டமானால் முரண்டு பிடிக்கிற பிள்ளைக்கு ‘புரியவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள், கவனம் கிடைக்காமல் முரண்டு பிடிக்கிற பிள்ளைக்கு ‘நான் சரியாகச் செய்கிறேனா?’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். முரண்டு குறைந்தது. முரண்டின் காரணத்துக்குப் பொருந்தாத வார்த்தையைக் கற்றுக்கொடுத்தபோது குறையவில்லை. அதனால்தான் காரணம் தெரியாமல் எந்த வைத்தியத்தையும் நான் தொடங்குவதில்லை.

காலையிலிருந்து தொடங்கினோம். பேஸ்ட்டை முகர்ந்து பார்த்தேன். பெரியவர்கள் தேய்க்கிற அதே புதினாக் காரம். நமக்குச் சுறுசுறுப்பாக இருக்கும் காரம் அவன் நாக்குக்கு நெருப்பு. பேஸ்ட் இல்லாமல் வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ் என்று மாற்றினோம். கூடவே ஒரு அட்டை செய்தோம். விரித்த உள்ளங்கை படம், கீழே ‘போதும்’. லேமினேட் செய்து குழாயடியில் நூலில் கட்டித் தொங்கவிட்டோம். அவன் முகம் சுளித்த அடுத்த நொடி, தலை சுவரை நோக்கிப் போவதற்குள், அப்பா அவன் கையைப் பிடித்து அட்டையைத் தொட வைப்பார். தொட்டவுடன் அம்மா “போதும்” என்று சொல்லி பிரஷ்ஷை எடுத்துவிடுவார். உடனே எடுக்க வேண்டும். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று இழுக்கக் கூடாது.

அம்மாவுக்குச் சந்தேகம். “போதும்னு தொட்டா விட்டுடணும்னா, அப்புறம் எதையுமே செய்ய மாட்டானே?”

முதல் வாரம் அப்படித்தான் ஆனது. மூன்று விநாடியில் அட்டையைத் தொட்டான், நாங்களும் விட்டோம். பல் சரியாகத் துலக்கவில்லைதான். ஆனால் மோதவில்லை. இரண்டாம் வாரம் கடைசியில் அவனாகவே, யாரும் கை பிடிக்காமல், தொட்டான். அதன் பிறகு “அஞ்சு எண்ணுறேன், அப்புறம் போதும்” என்று சொன்னோம். காத்திருந்தான். அஞ்சு பத்தாயிற்று, பத்து இருபதாயிற்று. தான் சொன்னால் நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் குழந்தை கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறது. தெருவைக் கடப்பது, மருந்து சாப்பிடுவது மாதிரி விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாது. அங்கே ‘சாப்பிடலாமா?’ என்று கேட்கவே வேண்டாம். கேட்டுவிட்டு அவன் சொல்லும் பதிலை மதிக்காமல் போனால், முதல் இரண்டு வாரம் கட்டிய நம்பிக்கை போய்விடும். ‘மருந்து சாப்பிடணும், அப்புறம் தண்ணி’ என்று சொல்லிவிட வேண்டும்.

இப்படி வேலை செய்ய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. மையத்தில் இருந்த முதல் சில வருஷங்களில் நான் செய்ததை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது. நான்கு வயதுப் பையன் ஒருவனின் தாடையைப் பிடித்து “என்னைப் பாரு” என்பேன். மூன்று விநாடி பார்த்தால் ஒரு சிப்ஸ் துண்டு. சில மாதத்தில் கற்றுக்கொண்டான். ஃபைலில் நூற்றுக்கு நூறு என்று எழுதி அவன் பெற்றோரிடம் காட்டினேன். என்னைப் பார்க்கும்போது அவன் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கும், கால் விரல்கள் பாயைக் கவ்விப் பிடித்திருக்கும். அதை நான் ஃபைலில் எழுதவில்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள், சிறுவயதில் இதே பயிற்சியை அனுபவித்தவர்கள், எழுதியதைப் பின்னால் படித்தேன். கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது புரியாமல் போகும் என்று அவர்களில் பலர் சொல்கிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்கிற பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது யார் தாடையையும் நான் தொடுவதில்லை.

பெற்றோர் அடிக்கடி கேட்பது: “வாரத்துக்கு 40 மணி நேரம் தெரபி வேணுமாமே?” இந்தக் கணக்கு பெரும்பாலும் 1987-ல் அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுத்து, அதில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போல் ஆனார்கள் என்றார். குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பது அந்த ஆய்வின் மேல் உள்ள பெரிய குறை. அதட்டலும் தொடையில் அடியும் அதில் பயிற்சியின் பகுதியாக இருந்தன என்பதைப் பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை. மணிக்கணக்கைப் பிடித்துக்கொண்டு கடன் வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் நான் வருகிறேன், மீதி நேரம் பல் துலக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் நீங்கள் செய்வதுதான் பயிற்சி என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. பெரியவர் யார் எதைச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் செய்யப் பழகிய குழந்தை, வேன் டிரைவரோ பக்கத்து வீட்டுக்காரரோ தப்பாகத் தொட்டால் என்ன செய்யும்? கொளத்தூரில் ஒரு பெண் குழந்தையின் அம்மா இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றிலிருந்து நான் கற்றுக்கொடுக்கும் முதல் வார்த்தை ‘வேண்டாம்’. வாயால் வராவிட்டால் அட்டையில், கையசைவில், செயலியில். சென்னையிலேயே உருவான ஆவாஸ் செயலியில் படத்தைத் தொட்டால் தமிழிலேயே பேசும்.

தமிழ் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். தம்பி அதற்கு முன் போய்க்கொண்டிருந்த ஒரு மையத்தில், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கே ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். அவன் பாட்டியிடம் போய் “ஐ வாண்ட் வாட்டர்” என்பான். “என்னமோ கேக்குறான், எனக்கு என்னா தெரியும்?” என்று பாட்டி பிஸ்கட்டை நீட்டுவார். அவன் கத்துவான். பகல் முழுக்க அவனோடு இருக்கிற ஒரே ஆள் அந்தப் பாட்டிதான். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு கெடுகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. மறுநாளே ‘தண்ணி’ என்று மாற்றினோம்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிற பிள்ளை அவன். நாம் “தண்ணி வேணுமா?” என்று கேட்டால், வேண்டும் என்பதற்கு அவனும் “தண்ணி வேணுமா?” என்பான். வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவன் சொல்ல வேண்டியதை அவன் பக்கத்திலிருந்து நாம் சொல்ல வேண்டும். தம்ளரைக் காட்டி, கேள்வி கேட்காமல், “தண்ணி வேணும்” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால், அதையே திருப்பிச் சொல்வான். சரியான வாக்கியம் வந்துவிடும். வீட்டில் எல்லாரும் ‘மா’வை விட்டுவிட ஒரு மாதம் ஆயிற்று.

சாயங்காலம் காலையைவிடக் கஷ்டமாக இருந்தது. போன் படம் போட்ட அட்டையைக் கொடுத்தால் போன் கிடைக்கும், குக்கரில் மூன்று விசில் வந்தால் போன் அம்மாவிடம் போகும். விசில் எண்ணுவது அவனுக்குப் பிடிக்கும் என்பதால் அந்த ஏற்பாடு. போனுக்குப் பின் மொட்டை மாடி, அல்லது அப்பா வந்திருந்தால் லோகோ ஒர்க்ஸ் ஸ்டேஷனில் ரயில் பார்ப்பது. அட்டை கொடுக்கப் பழகிவிட்டான். அதன் பிறகு மோதினால் போன் இல்லை என்று முடிவெடுத்தோம்.

வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காமல் போனால் குழந்தை முதலில் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். இதை அவர்களிடம் முன்பே சொல்லியிருந்தேன். சொன்னதைக் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. நான்காம் நாள் இருபது நிமிடம் மோதினான். கீழ் வீட்டுக்காரர்கள் ஏறி வந்து “குழந்தைய என்ன பண்றீங்க?” என்றார்கள். அப்பா போனைக் கொடுத்துவிட்டார். அடுத்த இரண்டு நாள் இருபது நிமிடத்துக்குக் குறையவே இல்லை. இருபது நிமிடம் மோதினால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொண்டுவிட்டான்.

அந்தத் தவறு என்னுடையது. கீழ் வீட்டில் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும், நானே அந்த வாரம் சாயங்காலங்களில் அங்கே இருந்திருக்க வேண்டும். நிறுத்திவிட்டு, பொங்கல் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் போன பிறகு மறுபடி தொடங்கினோம். இந்தத் தடவை கீழ் வீட்டு அக்காவிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதன் பிறகு ஒருநாளும் ஏறி வரவில்லை. ஒரு வாரம் தினமும் ஆறு மணிக்கு நான் அங்கே இருந்தேன். தலையை மோதுகிற குழந்தையைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சுவருக்கும் தலைக்கும் நடுவில் நம் கை இருக்க வேண்டும். பேசாமல், திட்டாமல், கொஞ்சாமல், அட்டையை அவன் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்க வேண்டும். எடுத்துக் கொடுத்தால் உடனே போன். இரத்தம் வருகிற அளவு மோதல் இருந்தால் வீட்டில் தனியாக எதையும் முயலக் கூடாது, டாக்டரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஏப்ரலில் அந்தத் தலையணையை எடுத்துவிட்டார்கள். ஆணி மட்டும் இருக்கிறது.

முடிவெட்டும் கதை சுருக்கமானது. சலூன் அண்ணன் “செவ்வாய்க்கிழமை கடை லீவு, கூட்டம் இருக்காது, அன்னிக்குக் கூட்டிட்டு வாங்க” என்றார். “செவ்வாய்க்கிழமையில முடி வெட்டுறதா?” என்று பாட்டி அரை மனதாகத்தான் சம்மதித்தார். முதல் வாரம் வாசல்வரை. அடுத்த வாரம் நாற்காலியில் ஒரு சுற்று. அதற்கடுத்து துணி போர்த்துவது, கத்தரிச் சத்தம் மட்டும். தண்ணீர் தெளிக்கிற பாட்டிலைக் கண்டால் ஓடினான், அதை விட்டுவிட்டோம். ஏழாவது செவ்வாய் முடி வெட்டிக்கொண்டான். பின்பக்கம் சரியாக இல்லை. யாருக்கும் கவலையில்லை.

எல்லாவற்றையும் நடத்தை என்று எடுத்துக்கொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. வில்லிவாக்கத்தில் ஒரு சிறுமி திடீரென்று கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். இந்தத் தடவை நிஜமாகவே திடீரென்றுதான், நோட்டில் நேரமும் காரணமும் எதுவும் ஒட்டவில்லை. பல் டாக்டரிடம் போகச் சொன்னேன். கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தால் பல், காது, மலச்சிக்கல், தூக்கம் நாலையும் முதலில் பாருங்கள்.

“ஆம்பளப் பசங்க லேட்டாதான் பேசுவாங்க” என்ற பேச்சை நம்பி இரண்டு வருஷம் காத்திருந்தவர்கள்தான் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், விரல் நீட்டி எதையும் காட்டாமல் இருந்தால், பேச்சு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எம்-சாட் என்ற இருபது கேள்விச் சோதனையை 16 மாதத்திலிருந்து 30 மாதத்துக்குள் பார்க்கலாம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் இருக்கிறது. சிறப்புக் கல்வி ஆசிரியர் யாராக இருந்தாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, பெற்றோர் பார்க்கக் கூடாது என்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

சான்றிதழ் வாங்கத் தயங்குகிறவர்கள் நிறைய. தம்பியின் அப்பாவும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டார், ‘முத்திரை குத்திடுவாங்க’ என்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு டாக்டர்கள் ஐசா என்ற 40 கேள்வி அளவுகோலை வைத்துச் சான்று கொடுப்பார்கள், அதன் பேரில் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வரும். 1999 சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், அதற்குள் தெரபிச் செலவுக்கும் ஒரு வரம்பு வைத்துக் கொடுக்கிறார்கள். பில்லை எல்லாம் பத்திரமாக வையுங்கள். பள்ளியில் கேட்டுப் பெற வேண்டிய சலுகைகளுக்கும் அந்த அட்டைதான் ஆதாரம்.

அம்மாவைப் பற்றி ஒன்று. முதல் மூன்று மாதம் எல்லாரும் தம்பியைப் பற்றியே பேசினோம். ஒருநாள் அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் தூக்கக் கணக்கை எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். 4 மணி, 3 மணி, 4 மணி. அந்த வாரம் பயிற்சியை நிறுத்திவிட்டு வேறு ஒரு அட்டவணை போட்டோம். சனி, ஞாயிறு ராத்திரி அப்பா பார்த்துக்கொள்ள வேண்டும், அம்மா பாட்டியின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். அக்காவுக்கு வாரத்தில் ஒரு மாலை, அப்பாவோடு தனியாக, தம்பி இல்லாமல். அவள் கேட்டது அண்ணா நகர் டவர் பூங்கா.

போன மாதம் பெரம்பூரில் அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேளச் சத்தத்துக்காகத் தம்பி காதில் பெரிய ஹெட்போன். தூரத்து மாமா ஒருவர் வந்து அவன் கன்னத்தைக் கிள்ளித் தூக்கப் போனார். தம்பி அவர் முகத்தைப் பார்க்காமல், கையைத் தள்ளிவிட்டு, “வேணாம்” என்றான். சத்தமாகத்தான் சொன்னான். “மாமா தூக்குனா வேணாம்பியா?” என்று அவர் சிரித்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “அவன் வேணாங்கிறான்ல, விடுப்பா.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். பாட்டி தம்பியின் விரலைப் பிடித்து இரண்டாவது பந்திக்குக் கூட்டிப் போனார்.